புது ஸ்பீக்கர் இளக எத்தனை நாள் பிடிக்கும்?

கேள்வி, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி:

"அண்ணே, போன வாரம் புது ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். பாட்டு போட்டால் மேல்சத்தம் காதைக் கிழிக்குது, அடிச்சத்தம் சுத்தமா இல்ல. கடையில கேட்டா 200 மணி நேரம் ஓட விடு, பழகினா சரியாயிடும்னு சொல்றாங்க. புது பைக்கை முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டுற மாதிரியாம். உண்மையா? திருப்பிக் கொடுக்கப் பத்து நாள்தான் கெடு. ஆறு நாள் போயாச்சு."

அக்டோபர் 14, இரவு 10.40

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கணக்கைப் பாருங்கள். மீதி நான்கு நாள் என்றால் 96 மணி நேரம். கரண்ட் போகாமல் ராப்பகலாக ஓட விட்டாலும் 200 வராது. தினமும் இரண்டு மணி நேரம் பாட்டு கேட்கிறவருக்கு 200 மணி என்பது நூறு நாள். அதற்குள் கெடு எப்போதோ முடிந்துவிடும். காத்திருக்காதீர்கள். பில், அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மாகோல் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

அக்டோபர் 15, காலை

ராத்திரி அவசரமாக எழுதியதற்குக் காரணம் உண்டு. 2019-ல் எனக்கும் இதே கதை நடந்தது. கடை பெயர் வேண்டாம். வாங்கி வந்த ஜோடியில் வலது பக்கத்து வூஃபரில் (அடிச்சத்தம் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கர்), தவிலின் தொப்பிப் பக்கம் விழும்போதெல்லாம் பின்னாலேயே ஒரு 'கர்ர்' வந்தது. போன் போட்டால், "புதுசுல்லா, நூறு மணி நேரம் ஓடட்டும்" என்றார்கள். நம்பினேன்.

இரண்டு பெட்டியையும் முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, ஒன்றுக்கு மட்டும் வயரை மாற்றிக் கொடுத்து (இப்படிச் செய்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது பெருமளவு அடித்துவிடும்), மேலே இரண்டு ஜமுக்காளம் போர்த்தி, பின் அறையில் மூன்று வாரம் ஓட்டினேன். அம்மா தினமும் வாசலில் நின்று, "ராப்பகலா என்னத்தலே இரைஞ்சிட்டு கெடக்கு?" என்று கேட்பாள். மூன்று வாரம் முடிந்து ஜமுக்காளத்தை எடுத்தேன். 'கர்ர்' அப்படியே இருந்தது, கெடு போய்விட்டது. கடையில் பேச்சே மாறிவிட்டது. கடைசியில் நானே வூஃபரைக் கழற்றி, முன்னால் ஆடுகிற கிண்ணம் போன்ற கோனின் இரண்டு பக்கமும் விரலை வைத்து மெதுவாக அமுக்கிப் பார்த்தேன். மணலில் செருப்பு உரசுகிற மாதிரி ஒரு சத்தம். வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) காந்த இடைவெளியில் சரியாக நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் ஓட்டியதில் அது இன்னும் நன்றாகத் தேய்ந்ததுதான் மிச்சம்.

பைக் உவமை ஏன் பொருந்தாது என்பதும் இதிலேயே இருக்கிறது. பைக் எஞ்சினில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசி, சின்னச் சின்ன மேடு தேய்ந்து, பொருந்தி உட்காரும். அங்கே தேய்மானம் ஒரு வேலை செய்கிறது. ஸ்பீக்கரில் எந்த இரண்டு பாகமும் உரசக் கூடாது. உரசினால் அது பழுது.

அக்டோபர் 15, மதியம்

அப்படியானால் இளகுவதே இல்லையா என்றால், இளகும். அதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

நான் குலசேகரம் பக்கத்துக்காரன். அப்பா முப்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். ஆசிட் ஊற்றி உறைய வைத்து, உருளையில் கொடுத்து, கொடியில் தொங்கப் போட்ட ஷீட்டுகளின் நடுவேதான் வளர்ந்தேன். ரப்பரின் குணத்தைக் கைதான் முதலில் தெரிந்துகொள்ளும். சின்ன வயதில் சைக்கிள் டியூபைக் கீறிக் கவட்டையில் கட்டுவோம். புது டியூப் வார் முதல் இழுப்புக்கு முரண்டு பிடிக்கும். நாலைந்து இழுப்பு ஆனதும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அதற்குப் பிறகு நூறு இழுப்பு இழுத்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. மறுநாள் எடுத்தால் மறுபடி லேசாக முரண்டு. பலூன் ஊதியவர்களுக்கும் தெரியும், முதல் தடவை கன்னம் வலிக்கும், காற்றை விட்டுவிட்டு மறுபடி ஊதினால் சுலபமாக ஏறும்.

இதற்கு முல்லின்ஸ் விளைவு என்று பெயர். லெனார்ட் முல்லின்ஸ் என்ற ரப்பர் விஞ்ஞானி 1948-ல் இதை எழுதினார். கரித்தூள் போன்ற பொடி கலந்த ரப்பரை முதல் தடவை எவ்வளவு தூரம் இழுக்கிறோமோ அந்தத் தூரம் வரை அது பிறகு மென்மையாகிவிடும். பெரும்பாலான மாற்றம் முதல் சில இழுப்பிலேயே முடியும். சும்மா வைத்தால் ஒரு பங்கு திரும்பி இறுகும்.

வூஃபர் கோனைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது அல்லவா, அது இந்த வகைதான். உள்ளே, காயிலை நடுவில் பிடித்துக்கொள்ளும் மஞ்சள் நிற மடிப்புத் துணி ஒன்று உண்டு, ஸ்பைடர் என்பார்கள். பருத்தி மாதிரித் துணியில் பிசின் ஏற்றி அச்சில் அழுத்தியது. கஞ்சி போட்ட வேட்டியை முதலில் உதறிக் கட்டும்போது மொடமொடவென்று நிற்கும், கொஞ்சம் நடந்ததும் மடிப்பு உடைந்து உடம்போடு படியும். ஸ்பைடரின் பிசினும் அப்படித்தான் முதல் அசைவுகளில் உடைந்து கொடுக்கிறது.

ஆக விஷயம் உண்மை. ஆனால் அது நிமிடக் கணக்கு. மிஞ்சினால் சில மணி நேரம்.

அக்டோபர் 17

தம்பி ஒரு ஸ்பீக்கரைப் பைக்கில் கட்டிக்கொண்டு நேரில் வந்துவிட்டார், மற்றது பின்னால் நண்பர் மடியில். பேச்சே வேண்டியிருக்கவில்லை. அவர் கொண்டுவந்த வயரைப் பார்த்தேன். இரண்டு இழையும் ஒரே நிறம், ஒன்றில் மட்டும் மெல்லிய கோடு. வீட்டில் மாட்டியிருந்த விதத்தை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். இடது பெட்டியில் கோடுபோட்ட இழை சிவப்பில், வலதில் கறுப்பில்.

ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் முனையில் இருக்கவேண்டிய வயர் நுனிகளில் ஒரு நொடி தொட்டேன். இடது கோன் வெளியே வந்தது. வலதில் தொட்டால் உள்ளே போனது. இரண்டு கோனும் எதிரெதிராக ஆடினால் ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும், அடிச்சத்தம் காணாமல் போகும், பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலையும். 200 மணி இல்லை, 2000 மணி ஓட்டினாலும் இது சரியாகாது.

வயரை மாற்றிப் போட்டு வில்லுப்பாட்டு ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். குடத்தின் 'தொம்' தரையில் இறங்கியது. தம்பி ஒன்றும் பேசவில்லை, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

மேல்சத்தம் குத்துவதற்குக் காரணம் வேறு. அவர் அறையில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், ஜன்னலில் திரை கூட இல்லை. ஸ்பீக்கரை நேராக முகத்தைப் பார்த்து வைக்காமல் கொஞ்சம் வெளியே திருப்பவும், எதிர்ச் சுவரில் கனமான திரையோ துணி அலமாரியோ வைக்கவும் சொல்லியிருக்கிறேன். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டிய தேவை இல்லை.

அக்டோபர் 20

வாயால் சொன்னது போதாது என்று அளந்தேன். ஒரே வகையில் இரண்டு ஐந்தேகால் அங்குல வூஃபர், இரண்டும் புதுசு, பெட்டிக்கு வெளியே. ஒன்றுக்கு அ, மற்றதற்கு ஆ என்று சாக்பீஸில் குறி போட்டேன். 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் கொடுத்து, லேப்டாப்பிலிருந்து சத்தத்தைக் கீழிருந்து மேலே ஓட விட்டால், மின்தடை எந்த அலைவெண்ணில் மலை போல ஏறுகிறது என்று இலவச மென்பொருளே வரைந்து காட்டிவிடும். அந்த உச்சிதான் கோனின் சொந்த அதிர்வு. தொங்கல், அதாவது அந்த ரப்பர் வளையமும் ஸ்பைடரும், இளகினால் உச்சி கீழே நகரும்.

அ புதிதாக 63 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 63 அதிர்வு). ஆ 60. ஒரே நாளில் வந்த இரண்டுக்கும் நடுவிலேயே மூன்று வித்தியாசம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அ-வுக்கு மட்டும் 20 ஹெர்ட்ஸ் கொடுத்துக் கோன் கண்ணுக்குத் தெரிய ஆடும்படி வைத்தேன். பத்து நிமிடத்தில் 58. ஒரு மணி நேரத்தில் 57. இரவு முழுக்க ஓடிய பிறகும் 57-ஐ ஒட்டியே நிற்கிறது. சைக்கிள் டியூப் சொன்னதையேதான் இதுவும் சொல்கிறது.

63-லிருந்து 57 என்றால் ஏறக்குறைய பத்து சதம். பெட்டிக்குள் போட்டாலும் அடிச்சத்தம் அந்தப் பத்து சதம் கீழே இறங்கும், காதுக்கே தெரியவேண்டும்.

அக்டோபர் 26

மேலே கடைசி வரி தவறு. திருத்துகிறேன். அழிக்கவில்லை, படிக்கிறவர்கள் இரண்டையும் பார்க்கட்டும்.

மூடிய பெட்டிக்குள் போனதும் கோனைப் பிடித்திருப்பது ரப்பரும் துணியும் மட்டும் அல்ல, உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங். சின்னப் பெட்டியில் காற்றுதான் பெரிய ஸ்பிரிங். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்ற இரண்டு பொறியாளர்கள் 1960-70களில் இந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டு வைத்தார்கள். இன்றும் பெட்டி கட்டுகிறவர்கள் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். என் வூஃபர் தொங்கலின் இளக்கம் புதிதில் 15 லிட்டர் காற்றுக்குச் சமம். பெட்டி 5 லிட்டர். போட்டுப் பார்த்தால், இளகும் முன் பெட்டிக்குள் 126 ஹெர்ட்ஸ். இளகிய பிறகு 123. வெளியே ஆறு ஹெர்ட்ஸ் மாறியது உள்ளே மூன்றுதான், சதவீதத்தில் பார்த்தால் பத்து இல்லை, இரண்டரை கூட இல்லை. மரைன் பிளைவுட்டில் இரண்டு பெட்டி அடித்து மாட்டி அளந்தும் பார்த்தேன்: அ 123, ஆ 124.

ஒரு ஹெர்ட்ஸ் வித்தியாசம். நாற்காலியை ஓர் அடி பின்னால் தள்ளினால் அறையில் அடிச்சத்தம் மாறுகிற அளவுக்கு முன் இது நிற்கவே நிற்காது.

இன்னொன்றும் கவனித்தேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பெட்டியில் மாட்டும் முன் ஆ-வை இரண்டு நேரம் அளந்தேன், தொடாமலே வைத்திருந்ததுதான். வெயில் அடித்த மதியம் 60, மழை கொட்டிய ராத்திரி ஒன்றரை கூடியிருந்தது. ரப்பர் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். ஆகவே "நேற்றை விட இன்று இதமாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் நேற்று என்ன வெயில் என்றும் கேட்கவேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

காதுக்குத் தெரிகிறதா என்று இன்று சோதனை. அ இப்போது நூறு மணி நேரம் ஓடியது, ஆ புதுசு. இரண்டு பெட்டியையும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னால் மெல்லிய நேரியல் ஒன்றைத் திரையாகக் கட்டினேன். மல்டிமீட்டரில் இரண்டுக்கும் ஒரே வோல்ட் போகிறதா என்று சரிபார்த்தேன். சத்தம் ஒரு துளி கூடினால் கூட கூடியதுதான் நல்லது என்று காது சொல்லும் என்பதால் இதில் சமரசம் கூடாது. அக்கா மகன் காசு சுண்டி ஸ்விட்சைத் திருப்ப, நான் கண்ணை மூடிக்கொண்டு 'ஓடினது', 'புதுசு' என்று சொல்லவேண்டும். பதினாறு தடவை.

பதிமூன்று சரி!

வெறும் ஊகத்தில் பதினாறுக்குப் பன்னிரண்டோ அதற்கு மேலோ வருவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்புதான். அப்படியானால் ஒரு ஹெர்ட்ஸைப் பற்றி நான் எழுதியதை மறுபடி யோசிக்கவேண்டும். ராத்திரி தூக்கம் வருமா தெரியவில்லை.

நவம்பர் 3

பையன்தான் கண்டுபிடித்தான். "மாமா, நீங்க ஓடினதுன்னு சொன்னது எல்லாமே இடது பக்கத்துல இருந்துதான்" என்றான். அ இடது பக்கம்தான் இருந்தது. இன்று நான் குளிக்கப் போன நேரத்தில் என்னிடம் சொல்லாமல் அ-வையும் ஆ-வையும் இடம் மாற்றி வைத்துவிட்டுச் சோதனையைத் திரும்ப ஓட்டினான். பதினாறில் பன்னிரண்டு தடவை மறுபடியும் இடதுக்கு 'ஓடினது', வலதுக்கு 'புதுசு' என்றேன். ஆனால் இந்தத் தடவை இடது பக்கம் இருந்தது புதுசு.

இடது பெட்டி சுவர் மூலைக்கு ஒன்றரை அடி நெருக்கம். மூலை அடிச்சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். நான் கேட்டது ரப்பர் இளகியதை அல்ல, என் வீட்டு மூலையை.

நவம்பர் 9

மூன்றாவது சுற்று. ஒரே ஸ்டூல், ஒரே இடம். ஒவ்வொரு தடவையும் பையன் பெட்டியை எடுத்து மாற்றி வைக்கிறான், சும்மா தூக்கி அதையே வைக்கிற தடவையும் உண்டு, அதனால் தூக்கி வைக்கிற சத்தத்தைக் கொண்டு ஊகிக்க முடியாது. பதினாறில் ஒன்பது. காசு சுண்டினாலும் அதுதான் வரும்.

குறை ஒன்று சொல்லவேண்டும். மாற்றுவதற்குள் பத்துப் பதினைந்து நொடி போகிறது, சத்தத்தின் நுணுக்கத்தைக் காது அவ்வளவு நேரம் தாங்காது. ஆனால் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், நூறு மணி நேரம் ஓட்டி, மூன்று வாரம் கழித்து, "முதல் நாளை விட மேல்சத்தம் மென்மையாகிவிட்டது" என்று சொல்கிறவர் எந்த நினைவை வைத்துச் சொல்கிறார்? எனக்குப் பதினைந்து நொடியே தாங்கவில்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. சோதனை போடப் போட ஆ-வும் ஆடத்தானே செய்கிறது! மூன்று சுற்று முடிந்து அதைக் கழற்றி அளந்தேன். 60-ல் இருந்தது 58-க்கு வந்துவிட்டது. கடைசிச் சுற்றில் புதுசு என்று ஒன்று இல்லவே இல்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சோதனை என்ற வகையில் இது எனக்கு நஷ்டம். ஆனால் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது. இதற்கென்று தனியாக ஓட்டவில்லை, அ-வுக்குக் கொடுத்தது போல 20 ஹெர்ட்ஸ் கொடுக்கவில்லை, மூன்று நாள் மாலை சாதாரணமாகப் பாட்டு கேட்டோம். இளகிவிட்டது.

நவம்பர் 9, இரவு

அப்படியானால் மூன்று வாரத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போகிறதே, அது எப்படி?

என் தங்கையை முட்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். கல்யாணம் ஆன புதிதில் போய்த் தங்கிய முதல் ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை. பாறையில் அலை அடித்து அடித்து, காதுக்குள்ளேயே அடிப்பது போல இருந்தது. மாப்பிள்ளை, "எந்தச் சத்தம் மச்சான்?" என்று கேட்டார், உண்மையாகவே கேட்டார். மூன்றாம் நாள் நானும் தூங்கினேன். அலை குறையவில்லை.

புது ஸ்பீக்கரோடு உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான். பழைய பெட்டியின் குரல் காதில் ஊறிக் கிடக்கும், புதுசு அதிலிருந்து விலகுவது எல்லாம் முதலில் குறையாகவே படும். சில நாளில் காது புதிய கணக்கைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குள் கையும் சும்மா இருப்பதில்லை. பெட்டியை நாலு அங்குலம் நகர்த்துவோம், நாற்காலியைத் திருப்புவோம், சத்தத்தையும் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேட்கத் தொடங்குவோம். மெல்லிய சத்தத்தில் காது அடிச்சத்தத்தைக் குறைவாகத்தான் எடுக்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து காட்டினார்கள். இத்தனையும் சேர்ந்து பலன் கொடுக்கிறது, பெயர் மட்டும் ஸ்பீக்கருக்குப் போகிறது.

கண்ணுக்கும் பங்கு உண்டு. 1994-ல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஆட்களை ஒரே ஸ்பீக்கர்களை இரண்டு விதமாகக் கேட்க வைத்தார்கள், பார்த்துக்கொண்டும் திரைக்குப் பின்னால் வைத்தும். பார்த்தபோது கொடுத்த மதிப்பெண் மறைத்தபோது நிற்கவில்லை. காது பழகிய ஆட்களும் அதில் இருந்தார்கள். நானும் நவம்பர் 2-ம் தேதி பதிமூன்று வந்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று மேலே இருக்கிறது.

நவம்பர் 16

ஆம்ப்ளிஃபயரும் ஓட ஓட இளகுமா என்று படிக்கிறவர்கள் கேட்டிருந்தார்கள். புது ஆம்ப்ளிஃபயருக்கு இளக ஒன்றுமில்லை. ஆனால் சூடாகவேண்டும். ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) தொட்டால் இளஞ்சூடாக இருக்கும் நிலைக்கு வர அரை மணி நேரம் எடுக்கலாம், அதுவரை உள்ளே மின்னோட்டத்தின் அளவு கொஞ்சம் மாறிக்கொண்டிருக்கும். அது தினமும் ஆன் செய்யும்போது நடப்பது, வாங்கிய மாதத்தோடு முடிவதல்ல. கம்பெனிகள் சரக்கை அனுப்பும் முன் மணிக்கணக்காக ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. அது குரல் இனிமைக்கு இல்லை, சீக்கிரம் சாகப்போகிற பாகம் கிடங்கிலேயே சாகட்டும் என்று.

உண்மையாகவே மெதுவாகப் பழக்கவேண்டிய ஒரு ரகம் இருக்கிறது: பல வருடம் கரண்ட் காணாமல் கிடந்த பழைய பெட்டி. நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும், கல்ஃபிலிருந்து கொண்டுவந்தது. எங்கள் பெரியப்பா 1986-ல் கொண்டுவந்த செட் பரணில் இருபது வருடம் கிடந்தது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் அலுமினியத் தகட்டின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, அதுதான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது. வருடக்கணக்கில் வோல்ட் இல்லாமல் கிடந்தால் அது மெலிந்துவிடும். எடுத்ததும் 230 வோல்ட் கொடுத்தால் கசிவு ஏறிச் சூடாகி வெடிக்கக்கூடும். அதனால் பழைய டிவி மெக்கானிக்குகள் செய்வது போல 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு ஆன் செய்தேன். பல்பு முதலில் பளீரென்று எரிந்து, மெல்ல மங்கி, கம்பி சிவந்த அளவில் நின்றது. சில மணி நேரம் அப்படியே விட்டு, நடுநடுவே அணைத்து, மறுநாள்தான் நேராகக் கொடுத்தேன். வோல்ட் ஏற ஏற படலம் தானே திரும்பக் கட்டிக்கொள்கிறது. கை பழகாதவர்கள் இதை வீட்டில் செய்யவேண்டாம், மெயின்ஸ் கரண்ட் நேராக வரும் வேலை.

ஆம்ப்ளிஃபயர் பாடியது. ஸ்பீக்கர்தான் பாடவில்லை. கோனைச் சுற்றி ரப்பருக்குப் பதில் ஃபோம் வளையம், விரல் பட்டதும் ஈரம் காய்ந்த புட்டு போல உதிர்ந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் ஃபோம் பத்து இருபது வருடத்துக்கு மேல் நிற்பது அபூர்வம். இரண்டு மழைக்காலம் வேறு. இங்கே ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, வளையம் ரப்பரா ஃபோமா என்பது.

நவம்பர் 17

கேபிள். குளச்சலிலிருந்து ஒருவர், தன் ஸ்பீக்கர் வயர் ஒரு மாதத்தில் "திறந்துகொண்டது", அதாவது சத்தம் தெளிந்தது, என்றும் சந்தேகம் இருந்தால் வந்து கேட்கும்படியும் எழுதினார். மாதம் கழித்து வயரைக் கழற்றி மாட்டினீர்களா என்று கேட்டேன். ஆமாம், வீடு வெள்ளையடித்தபோது. கடற்காற்றில் செம்பு நுனி பச்சை பிடிக்கும். கழற்றி மாட்டும்போது அது உரசிச் சுத்தமாகும், தொடர்பு இறுகும். அவர் கேட்ட மாற்றம் பொய் இல்லை. செம்புக்குள் எதுவும் நடக்கவில்லை, செம்பின் தோலில் நடந்தது. கடலோரத்தில் இருக்கிறவர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை நுனியைத் துடையுங்கள்.

நவம்பர் 30

இசைத்தட்டு ஊசி விட்டுப்போயிற்று. அதிலும் ஊசிக்கம்பியைப் பிடித்திருப்பது குட்டி ரப்பர்தான், ஆகவே இளகுவது இதிலும் உண்டு. சில கம்பெனிகளே முதல் இருபது, முப்பது மணி நேரத்தைச் சொல்கின்றன, மறுக்க எனக்குக் காரணம் இல்லை. ஊசியின் கணக்கை அவர்கள் எழுதுவது நம் வீட்டை விடக் குளிர்ந்த அறைக்கு. நம் வீட்டில் 30 டிகிரி. இங்கே அது வந்த நாளிலேயே கொஞ்சம் இளகித்தான் இருக்கும்.

டிசம்பர் 21

அ-வை நவம்பர் 10-லிருந்து தொடவில்லை, துணியில் சுற்றி அலமாரியில். இன்று எடுத்து அளந்தேன். 57-ல் விட்டது 59-க்கு ஏறியிருக்கிறது. கவட்டை வார் மறுநாள் முரண்டு பிடிப்பது போலத்தான். பத்து நிமிடம் ஆட விட்டதும் பழையபடி 57. இளகியது நிலையாக நிற்பதுகூட இல்லை, ஒரு பாட்டு, இரண்டு பாட்டில் திரும்ப வந்துவிடுகிறது.

தம்பி போன் செய்தார். எதிர்ச் சுவரில் அம்மாவின் பீரோ வந்துவிட்டதாம், திரையும் தைக்கக் கொடுத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாட்டு கேட்க வருகிறார்கள்.

பெரியப்பாவின் பெட்டிக்குப் புது ரப்பர் வளையம் வந்திருக்கிறது. பழைய ஃபோமையும் பசையையும் கோன் கிழியாமல் சுரண்டி எடுக்க இரண்டு ராத்திரி ஆயிற்று. நாளை ஒட்டுகிறேன். பசை காய ஒரு நாள் விட்டு, முதல் பத்து நிமிடத்தையும் முதல் ஒரு மணி நேரத்தையும் அளந்து இங்கேயே எழுதுகிறேன்.